தலையில் படை, பேன், புழுவெட்டு: முதலில் பார்ப்போம், பிறகு பூசுவோம்
(தோட்ட மாதர் பிரிவுக் கூட்டத்தில் சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை நமக்குத் துணி துவைக்கிற நாள், விறகு எடுக்கிற நாள். அதையெல்லாம் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

சம்பளம், கிலோ, வீடு, காணி என்று பேசுகிற சங்கம் பிள்ளைகளின் தலைமுடியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று ஒரு தோழர் கேட்டார். நாங்கள் லயம் லயமாகப் போகும்போது, பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் காண்கிறோம். ஏன் போகவில்லை என்றால், "தலையில புண்ணு, டீச்சர் வர வேணாமுன்னுட்டாங்க" என்கிறார்கள். ஒரு பிள்ளைக்குத் தலையை மொட்டையடித்துத் துணி கட்டியிருந்தது. இன்னொரு பிள்ளையின் தலையில் மண்ணெண்ணெய் வாடை. பிள்ளை பள்ளிக்கூடத்தை இழக்கிறது, அம்மா ஒரு நாள் பேரை இழக்கிறாள், நகரத்துப் பாமசியில் காசும் போகிறது. இது தொழிலாளர் விசயம்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தலையில் முடி கொட்டுவது ஒரே நோய் இல்லை. ஒன்றுக்குப் பூசுகிற மருந்து இன்னொன்றுக்குக் கேடு செய்யும். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சுகம் தந்த டியூப் உங்கள் பிள்ளைக்கு வேண்டாம். வெளிச்சத்தில் பிள்ளையை உட்கார வைத்து, முடியை விலக்கி, தோலைப் பாருங்கள். செதில் இருக்கிறதா? முடி வேரோடு போயிருக்கிறதா, பாதியில் ஒடிந்திருக்கிறதா? பிடரியில் நெறி கட்டியிருக்கிறதா? இந்த மூன்றைப் பார்த்தாலே பாதி விசயம் தெரிந்துவிடும்.

பேனைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியாத பேனா! ஆனாலும் சில தப்புக் கதைகளைக் களைய வேண்டும். பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை ஒட்டும்போதுதான் ஏறுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரே கம்பளிக்குள் மூன்று பிள்ளைகள் படுத்தால் பேன் ஏறாமல் என்ன செய்யும்? அது அழுக்கின் அடையாளம் இல்லை, இடநெருக்கடியின் அடையாளம். சுத்தமாகக் குளித்த தலையிலும் பேன் வாழும். தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். அதனால் வீடு முழுக்க மருந்து அடிக்கத் தேவையில்லை. சீப்பு, தொப்பி, தலையணை உறை இவற்றைச் சுடுதண்ணீரில் போட்டெடுத்தால் போதும்.

ஈரில் இருந்து குஞ்சு வெளியே வர 7 முதல் 10 நாள் ஆகும். வந்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் ஒன்பது பத்து நாள். இந்தக் கணக்குத் தெரிந்தவர் பேனை ஒழிக்கலாம். பேர்மெத்ரின் 1 சதவீதப் பூச்சு மருந்தைக் கழுவித் துடைத்த ஈரமுடியில் பூசி, 10 நிமிடம் வைத்து, அலசிவிட வேண்டும். ஒன்பதாம் நாள் மறுபடியும் ஒரு தடவை. அந்த இரண்டாம் தடவையைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். முதல் தடவையில் சாகாத ஈர் பொரித்து, எல்லாம் பழையபடி ஆகிவிடும். பிறகு "மருந்து போலி" என்று பாமசிக்காரரைத் திட்டுகிறோம். மருந்து வாங்கக் காசில்லை என்றால், முடியை நனைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, நெருக்கமான பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை, குறைந்தது இரண்டு கிழமை. எண்ணெய் பேனைக் கொல்லும் என்று நம்பாதீர்கள், சீப்பு வழுக்கிப் போகத்தான் அது. வீட்டில் எல்லார் தலையையும் அதே நாளில் பார்க்க வேண்டும். அப்பா தலையையும்தான்.

மண்ணெண்ணெய் வேண்டாம். அது பிள்ளையின் தோலைப் பொசுக்கும், வாயில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலையில் மண்ணெண்ணெய் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதைவிட மோசமானது மலையில் அடிக்கிற பூச்சி மருந்தைக் கொஞ்சம் போத்தலில் கொண்டுவந்து தலையில் தேய்ப்பது. பூச்சி மருந்து தலைத்தோல் வழியாக இரத்தத்தில் ஏறும். அதனால் உயிரே போகலாம். ஸ்டோரில் இருந்து அந்த மருந்தை வெளியே கொண்டுபோக விடும் ஆட்களையும் இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறோம், தயவுசெய்து விடாதீர்கள்.

இனி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடுவில் நாங்கள் அதிகம் காண்கிற, அதிகம் பிழையாகக் கையாளப்படுகிற விசயத்துக்கு வருவோம். தலைப் படை. உடம்பில் வருகிற படர்தாமரைக்குக் காரணமான அதே வகைப் பூஞ்சணம்தான் இதற்கும் காரணம். தலையில் வட்டமாக ஓர் இடம், அதில் சாம்பல் போலச் செதில், முடி வேருக்குக் கொஞ்சம் மேலே ஒடிந்து நிற்கும். சில பிள்ளைகளுக்கு முடி தோல் மட்டத்திலேயே ஒடிந்து கரும்புள்ளி புள்ளியாகத் தெரியும். பிடரியில் நெறி கட்டும். அரிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

"அது பொடுகுதான், பெரிசா ஒண்ணுமில்ல" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வயதுக்கு வராத பிள்ளைக்கு உண்மையான பொடுகு அபூர்வம். ஐந்து வயது, எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் செதில் உதிர்ந்து முடியும் கொட்டினால் முதலில் படை என்றே நினையுங்கள். கைக்குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சளாக, பிசுபிசுப்பாகப் பொருக்குக் கட்டுவது வேறு. அது கொஞ்ச மாதத்தில் தானாகப் போய்விடும். எண்ணெய் தடவி ஊறவிட்டு மெதுவாகத் துடைத்தால் போதும், நகத்தால் பெயர்க்காதீர்கள். தொட்டிலில் படுத்துப் பிடரி தேய்ந்து முடி போவதற்கும் மருந்து எதுவும் வேண்டாம், பிள்ளை உட்காரத் தொடங்கினால் முளைத்துவிடும்.

படைக்குத் திரும்புகிறோம். ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம், தோட்டத்தின் பேர் வேண்டாம். ஏழு வயதுப் பெண் பிள்ளைக்குத் தலையில் காசளவு வட்டம். அம்மாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. அப்பா நகரத்துக்குப் போய் ஒரு கடையில் சொல்லி, பீட்டாமெதசோன் சேர்ந்த ஒரு கிறீம் வாங்கி வந்தார். பூசினார்கள். சிவப்புக் குறைந்தது, அரிப்பும் நின்றது. சுகமாகிவிட்டது என்று சந்தோசப்பட்டார்கள். ஆனால் அந்த வகை கிறீம் அரிப்பை அடக்குமே தவிர பூஞ்சணத்தைக் கொல்லாது. உடம்பின் எதிர்ப்பை அது அமத்திவிடுவதால் பூஞ்சணத்துக்குத்தான் அது வசதி. ஒரு மாதம் போனதும் அந்த இடம் பஞ்சு போல வீங்கிச் சீழ் கசிந்தது, கழுத்தெல்லாம் நெறி. யாரோ கட்டி என்று சொல்லி ஊசியால் கீறியும் விட்டார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில் காட்டி, மாதக் கணக்கில் மாத்திரை குடித்து, படை போனது. முடியும் வந்தது. கீறிய இடத்தில் மட்டும் ரெண்டு ரூபாய்க் குற்றி அளவுக்குத் தழும்பு. அந்த இடத்தில் இனி முடி முளைக்காது.

அப்படிப் பஞ்சு போல வீங்கிய இடம் சாதாரணக் கட்டி இல்லை. அதைக் கீறக்கூடாது. அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

தலைப் படைக்கு மேலே பூசுகிற கிறீம் மட்டும் போதாது. இது எல்லாருக்கும் தெரிய வேண்டும். பூஞ்சணம் முடியின் வேருக்குள்ளே இருக்கிறது. மேலே பூசுவது அங்கே இறங்காது. வாயால் எடுக்கிற மருந்துதான் வேண்டும். கிரிசியோபல்வின் என்ற மாத்திரையைப் பிள்ளையின் நிறைக்கு ஏற்றபடி 6 முதல் 8 கிழமை வரை கொடுப்பார்கள். சில பூஞ்சண வகைக்கு டெர்பினபின் என்ற மாத்திரையை ஏறக்குறைய 4 கிழமை கொடுப்பார்கள். எது, எத்தனை நாள் என்பது வைத்தியர் முடிவு. கிரிசியோபல்வினைச் சாப்பாட்டுக்குப் பிறகு, முடிந்தால் பாலோடு அல்லது முட்டையோடு கொடுங்கள், கொழுப்போடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். கீட்டோகோனசோல் போன்ற ஷாம்பு தந்தால், அது மற்றப் பிள்ளைகளுக்குப் பரவுவதைக் குறைக்க. மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

இரண்டு கிழமையில் செதில் குறையும். அங்கேதான் எல்லாரும் மாத்திரையை நிறுத்துகிறார்கள். மீதியை எடுத்துத் தங்கச்சிக்குக் கொடுக்கிறவர்களும் உண்டு. அண்ணனுக்கு முழுதாகச் சுகமில்லை, தங்கச்சிக்கு அளவும் சரியில்லை. சொன்ன நாள் முடியும்வரை கொடுங்கள், மறுபடி கிளினிக்குக்கு வரச் சொன்ன திகதியில் போங்கள். கர்ப்பிணித் தாய்மார் இந்த மாத்திரையைத் தாங்களாக எடுக்கவே கூடாது.

இந்த மாத்திரை நமக்கு எவ்வளவு பெரிய விசயம் என்பதற்கு ஒரு பழைய கதை. கிரிசியோபல்வினை வாயால் கொடுக்கத் தொடங்கியது 1950களின் கடைசியில்தான். அதற்கு முன் பல நாடுகளில் பிள்ளைகளின் தலையில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி முடியை உதிரச் செய்தார்கள். இஸ்ரேலில் அந்தக் காலத்தில் வட ஆபிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இப்படிக் கதிர் வாங்கினார்கள். பிற்காலத்தில் அவர்களிடையே மூளைக் கட்டியும் தைரொயிட் புற்றுநோயும் கூடுதலாகக் காணப்பட்டன. நட்டஈட்டுக்கென்று சட்டம் வந்தது 1994இல். பாதிக்கப்பட்டவர்கள் அதற்குள் நடுத்தர வயதைத் தாண்டிவிட்டார்கள். ஏழையின் பிள்ளைக்கு எதையும் செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் நம் நாட்டில் மட்டும் உள்ளதல்ல.

படை எங்கிருந்து வருகிறது? பிள்ளைக்குப் பிள்ளை, சீப்பு, தொப்பி, சலூன் மெசின் வழியாக. சில வகை பூனைக்குட்டி, நாய்க்குட்டியிடமிருந்து. லயத்தில் முடி கொட்டிய பூனைக்குட்டி இருந்தால், பிள்ளைகள் அதைத் தூக்கிக் கொஞ்சுவதை நிறுத்துங்கள். குட்டியை அடித்துத் துரத்தச் சொல்லவில்லை, அதற்கும் மருந்து உண்டு. வீட்டில் மற்றப் பிள்ளைகளையும் காட்ட வேண்டும், ஏனென்றால் நோய் வெளியே தெரியாமல் பூஞ்சணத்தைச் சுமக்கிற பிள்ளையும் இருக்கும்.

புழுவெட்டு என்று நாம் சொல்கிற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. திடீரென்று ஒரு வட்டம், தோல் வழுவழுவென்று முட்டை ஓடு மாதிரி. செதில் இல்லை, புண் இல்லை, வலி இல்லை. அங்கே எந்தப் புழுவும் வெட்டவில்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி முடி வேரைத் தாக்குகிறது. தொற்றாது. அந்தப் பிள்ளையோடு மற்றப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். யாரும் செய்வினை செய்யவும் இல்லை. இல்லாத புழுவைக் கொல்ல உள்ளிப்பூண்டை அரைத்துக் கட்டி, தோல் வெந்து கொப்புளம் போட்ட பிள்ளையை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒன்றிரண்டு சின்ன வட்டம் மட்டும் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஒரு வருசத்துக்குள் முடி தானாக வளர்ந்துவிடும், சில வேளை முதலில் வெள்ளையாக முளைத்துப் பிறகு கறுக்கும். திரும்பியும் வரலாம். வட்டம் பெருகினால், புருவம் கொட்டினால், நகத்தில் குழி விழுந்தால் தோல் வைத்தியரிடம் போக வேண்டும். இதற்கு வைத்தியர் கொடுப்பது எது தெரியுமா? பெரும்பாலும் அந்த ஏழு வயதுப் பிள்ளைக்குக் கேடு செய்ததே, அதே வகை கிறீம். படைக்கு எதிரி, புழுவெட்டுக்கு மருந்து. முதலில் பாருங்கள் என்று நாங்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதனால்தான்.

இறுக்கிப் பின்னுவதாலும் முடி போகும். கூடைக் கயிறு அழுத்திய இடத்தில் நம் தலைமுடி தேய்ந்ததை இங்குள்ள எந்த அக்காவும் மறக்கமாட்டாள். பிள்ளையின் நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலும் முடி மெலிந்தால், ரெட்டைப் பின்னலைத் தளர்த்திக் கட்டுங்கள். ஆரம்பத்தில் விட்டால் வளரும், வருசக் கணக்கில் இழுத்தால் வளராது.

காய்ச்சல் பலமாக வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்க முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். அது காய்ச்சலின் பின்விளைவு, திரும்ப முளைக்கும். ஆனால் முடி மெலிந்து நிறம் மங்கி, பிள்ளை வெளிறிச் சோர்ந்து நிறையும் ஏறாமல் இருந்தால் அது சாப்பாட்டுப் பிரச்சினை, இரத்தச் சோகைப் பிரச்சினை. அதற்குத் தலையில் எண்ணெய் தேய்த்துப் பயனில்லை. மிட்வைப் அம்மாவிடம் கிளினிக் காட்டைக் கொண்டுபோய் நிறையைப் பாருங்கள், இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.

இன்னொரு வகையைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, சொல்லாமலும் இருக்க முடியாது. சில பிள்ளைகள் தங்கள் முடியைத் தாங்களே பிய்த்துக்கொள்கிறார்கள். அந்த இடம் வட்டமாக இருக்காது, ஒழுங்கில்லாமல் நீளமும் குட்டையுமாக முடி நிற்கும், தோல் சுத்தமாக இருக்கும். பாடம் படிக்கும்போதும் தூங்கப் போகும்போதும் விரல் தலைக்குப் போகும். அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன வீட்டிலும், குடித்துவிட்டு அடிதடி நடக்கிற வீட்டிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். ஒரு துன்பமும் இல்லாத வீட்டிலும் வரும், அதனால் யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டாம். பிள்ளையை அடிக்காதீர்கள், கையில் சூடு வைக்காதீர்கள். பாட்டியோ சித்தியோ பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள், கைக்கு ஒரு வேலை கொடுங்கள், பிறகு வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முடியைப் பிய்த்து விழுங்குகிற பிள்ளைக்கு வயிற்றில் முடி உருண்டு அடைபடும். வயிற்றுவலி, வாந்தி என்றால் தாமதிக்கக் கூடாது.

வைத்தியரிடம் போகும்போது சில விசயம். அன்று காலையில் தலைக்கு எண்ணெய் பூசாதீர்கள். செதிலைச் சுரண்டி, ஒடிந்த முடியை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டி வரலாம், இருட்டறையில் ஊதா விளக்கைப் பிடித்தும் பார்ப்பார்கள். வலிக்காது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இதுவரை பூசிய டியூப், குடித்த மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஏசுவார்களோ என்று ஒளிக்க வேண்டாம். எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, பூனை நாய் உண்டா என்று கேட்பார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெறும் பூச்சு மருந்து மட்டும் தந்து அனுப்பினால், "ஐயா, இது படையென்றால் மாத்திரை வேண்டாமா, தோல் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தாங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தோல் கிளினிக் இருக்கிறது. அங்கே காட்டக் காசு இல்லை.

சங்கம் என்ன செய்யப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும், உபதேசம் மட்டும் செய்துவிட்டுப் போக நாங்கள் வரவில்லை. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோன நாளில் பேர் வெட்டப்பட்டால், அல்லது அரைப் பேர் போட்டால், திகதியையும் கிளினிக் துண்டையும் தோட்டக் கமிட்டித் தலைவியிடம் கொடுங்கள். ஒரு ஆள் துரையிடம் போய்ச் சொன்னால் அது முறைப்பாடு, இருபது துண்டோடு போனால் அது பேச்சுவார்த்தை. பீலியில் தண்ணீர் வராத லயங்களின் பட்டியலையும் இதோடு சேர்க்கிறோம். பிள்ளைக் காம்பரா ஆயாமார் கிழமைக்கு ஒரு தடவை பிள்ளைகளின் தலையைப் பார்த்துத் தாயிடம் தனியாகச் சொல்ல வேண்டும், எல்லார் முன்னாலும் சொல்லிப் பிள்ளையை வெட்கப்படுத்தக் கூடாது.

பள்ளிக்கூடத்து விசயம். பேனுக்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை, அன்று மாலை மருந்து போட்டு மறுநாள் வரலாம். படைக்கு மாத்திரை தொடங்கிவிட்டால் அந்தப் பிள்ளையும் வரலாம். புழுவெட்டுக்குத் தடையே இல்லை. இதை அதிபர்மாரிடம் பேச மூன்று பேரை இன்றைக்குத் தெரிவு செய்வோம். சண்டை போட அல்ல. ஆசிரியர்களுக்கும் யாரும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

தொடங்குமுன் ஒரு அம்மா கேட்டார், "மொட்டை போட்டா எல்லாம் போயிருமா?" என்று. பேனுக்கு மொட்டை போடலாம், ஆனால் தேவையில்லை, பெண் பிள்ளைக்கு அது பெரிய அவமானம். படைக்கு மொட்டை போட்டாலும் வேருக்குள் இருப்பது அங்கேயேதான் இருக்கும், மாத்திரை வேண்டும். புழுவெட்டுக்கு எந்தப் பலனும் இல்லை. கோயிலுக்கு நேர்ந்த மொட்டையை யாரும் தடுக்கவில்லை. படை உள்ள பிள்ளைக்கு மட்டும் சுகமான பிறகு போடுங்கள், சாமி காத்திருக்கும். போடுகிறவரிடம் புது பிளேட் மாட்டச் சொல்லுங்கள், கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் இருங்கள். மிட்வைப் அம்மா கோயில் மண்டபத்தில் இருக்கிறார், வெளிச்சம் இருக்கும்போதே தலையைப் பார்த்துவிடுவோம்.